மனதுக்குள்ளேயே வைத்திருப்பவை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. இரண்டு கடிதங்களின் தலையிலேயே ‘படித்ததும் கிழித்துவிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. கிழித்துவிட்டோம். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சுருக்கித்தான் இங்கே கேள்விகளைத் தருகிறோம்.

பதிலுக்குப் போகும் முன் ஒன்று. இந்தக் கடிதங்களில் மூன்று வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கூப்பிடாமல் வந்து நுழையும் எண்ணம், உண்மையாகவே உள்ளே இருக்கும் உணர்வு, கையால் செய்துவிட்ட காரியம். எழுதியவர்கள் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்: ‘அசிங்கம்’. ஆனால் மருந்து வேறு வேறு. வந்து நுழையும் எண்ணத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. உள்ளே இருக்கும் உணர்வைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். செய்த காரியத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் வருடக்கணக்கில் இழுக்கிறது.

கேள்வி: குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. கத்தியைப் பார்த்தாலே, அதால் குழந்தையைக் குத்திவிடுவது போல ஒரு காட்சி மின்னி மறைகிறது. கத்திகளை எல்லாம் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன். குளிப்பாட்டும்போதும் தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று பயம், அதனால் அம்மாதான் குளிப்பாட்டுகிறார். கணவரிடம் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவாரோ? நான் ஒரு கொலைகாரியா?

இல்லை. கொலை செய்ய நினைப்பவர் கத்தியைத் தேடி எடுப்பார். நீங்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அந்த வேறுபாட்டிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதர், ஷீலா வுடி இருவரும் புதிதாகக் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் இதை நேரடியாகவே கேட்டு, 2008-ல் வெளியிட்டார்கள். குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லோருக்குமே வந்திருந்தது. தானே வேண்டுமென்று தீங்கு செய்வது போன்ற எண்ணம், கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு வந்திருந்தது. உங்கள் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களில் பலர் இதே காட்சியைப் பார்த்துவிட்டு, உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் வருகிறது? பச்சைக் குழந்தையைக் காக்க வேண்டிய பொறுப்பு திடீரென்று தலையில் ஏறியதும், மூளை ஆபத்துகளை ஓயாமல் ஒத்திகை பார்க்கிறது. ‘என்னென்ன ஆகலாம்’ என்ற அந்தப் பட்டியலில் ‘நானே செய்துவிட்டால்’ என்பதும் ஒரு வரி. இரவுத் தூக்கம் துண்டு துண்டாகிப் போன வாரங்களில் இந்த ஒத்திகையை அடக்கி வைக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. காட்சி வருவது இதனால்தான்.

வந்தது போகாமல் நிற்பதற்குக் காரணம் வேறு. கத்தியைப் பரண்மேல் வைத்ததும் ஒரு நிம்மதி வந்ததல்லவா? பொறி அங்கேதான் இருக்கிறது. ‘கத்தி மேலே இருந்ததால்தான் குழந்தை பிழைத்தது’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை கத்தரிக்கோலைப் பார்த்தாலும் மணி அடிக்கும். பிறகு ஊசி. பிறகு குளியல் தொட்டி. விலகி விலகிப் போக, பயப்பட வேண்டிய பொருட்களின் பட்டியல்தான் நீளும்.

ஆகவே விலகியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வேண்டும். மனநல ஆலோசகர்கள் இதை ஏணிபோல அமைப்பார்கள். ஒரு தாளில், விலகி நடக்கும் காரியங்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 30, 40-ல் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக: கத்தியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. அடுத்து, குழந்தை வேறு அறையில் தூங்கும்போது காய் நறுக்குவது. அடுத்து, குழந்தை தொட்டிலில் கண்பார்வையில் இருக்க நறுக்குவது. குளியலுக்குத் தனி ஏணி: அம்மா குளிப்பாட்ட, நீங்கள் பக்கத்தில் நிற்பது; நீங்கள் குளிப்பாட்ட, அம்மா பக்கத்தில் நிற்பது; அம்மா அடுத்த அறையில் இருப்பது. இதில் விபரீதமான பரிசோதனை எதுவும் இல்லை. குழந்தை உள்ள வீட்டில் தினமும் நடக்கிற காரியங்களேதான். ஒரு படியை நாலைந்து நாள், தினமும் செய்யுங்கள். பயம் தானாகப் பாதியாகக் குறையும் வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், ஏணி தலைகீழாகிவிடும்: ஓடியதால் தப்பித்தோம் என்று மூளை படித்துக்கொள்ளும்.

வழக்கமாக எங்கே கெட்டுப்போகிறது தெரியுமா? காரியத்தைச் செய்துகொண்டே மனதுக்குள் ‘நான் நல்ல அம்மா, நான் நல்ல அம்மா’ என்று ஜபிப்பார்கள். அல்லது கத்தியைப் பிடித்தபடி ‘இப்போது ஆசை வருகிறதா?’ என்று தனக்குள்ளே சோதித்துப் பார்ப்பார்கள். இரண்டுமே ஒளித்து வைப்பதன் மறு உருவம்தான். காட்சி வந்தால், ‘அந்தக் காட்சி வருகிறது’ என்று சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடருங்கள். அதற்குமேல் அதோடு பேச்சு வேண்டாம்.

கணவரிடம் சொல்லுங்கள். காட்சியிலிருந்து ஆரம்பித்தால் அவர் பதறிவிடுவார். அதனால் இப்படி வரிசையாகச் சொல்லலாம்: ‘குழந்தை பிறந்ததுல இருந்து எனக்குப் பயமுறுத்துற காட்சி மனசுல வருது. அதைச் செய்யணும்னு எனக்குத் துளிகூட ஆசை இல்லை, வருதேன்னுதான் நடுங்கறேன். நிறைய அம்மாங்களுக்கு இப்படி வருமாம். டாக்டர்கிட்ட கேக்கணும், நீங்க கூட வாங்க.’ காட்சியின் விவரத்தை அவர் கேட்டால் பிறகு சொல்லலாம். அவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ‘நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?’ என்று நீங்கள் ஒரு நாளில் பத்து முறை கேட்டால், பத்து முறையும் ‘மாட்டே’ என்று சொல்லக் கூடாது. ஒரு முறை சொல்லிவிட்டு, அடுத்த முறை ‘இது பயம் கேக்கிற கேள்வி, இதுக்குப் பதில் சொல்லமாட்டேன், பக்கத்துல உக்கார்றேன்’ என்று சொல்ல வேண்டும். கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் திரும்பத் திரும்பக் கொடுக்கும் உறுதி, பயத்துக்குப் போடும் தீனி.

எண்ணங்களும் அவற்றைத் தடுக்கும் வேலைகளும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கின்றன என்றால், அல்லது குழந்தையைத் தூக்கவே தயங்குகிறீர்கள் என்றால், ஏணியைத் தனியாக ஏறாமல் மனநல மருத்துவரின் துணையோடு ஏறுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கத் தகுந்த மாத்திரைகள் உண்டு. பாலை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

முற்றிலும் வேறான ஒரு நிலையும் உண்டு, அதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தாய்க்குத் தீவிர மனநோய் திடீரென்று வரலாம். அதன் அடையாளங்கள்: தூக்கமே வேண்டாதது போல இருப்பது, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று நம்புவது, பேச்சு குழம்புவது. உங்களுக்கு வரும் எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது. அந்த நோயில் எண்ணம் நியாயமாகத் தோன்றும். அப்படி இருந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: உயரமான கட்டடத்தின் விளிம்பில் நின்றால் ‘குதித்துவிடு’ என்று ஏதோ இழுக்கிறது. எனக்குச் சாக ஆசையே கிடையாது. பிறகு ஏன்?

பலருக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 431 கல்லூரி மாணவர்களிடம் கேட்டு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலையை ஒருபோதும் நினைத்ததில்லை என்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த இழுப்பு வந்திருந்தது. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது: விளிம்பைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்வாங்குகிறது. மனம் சற்றுத் தாமதமாக வந்து, ‘ஏன் பின்வாங்கினேன்? குதிக்க நினைத்தேன் போல’ என்று தப்பாகக் கதை கட்டுகிறது. காப்பாற்றிய அனிச்சைச் செயலைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம்.

ஆனால் தரையில் நிற்கும்போதும் ‘இல்லாமல் போனால் நன்றாயிருக்கும்’ என்று தோன்றுகிறது, எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போடுகிறது என்றால், அது இந்த இழுப்பு அல்ல. அதை இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திட்டத்தில் இருக்கும் பொருளை வீட்டிலிருந்து வேறொருவர் எடுத்துப் போக வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் வரை தனியாக இருக்கக் கூடாது.

கேள்வி: அப்பா நான்கு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். மறதி நோய். நான்தான் பார்த்துக்கொண்டேன். கடைசி வருடத்தில் ‘போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்று எத்தனையோ இரவு நினைத்தேன். போனார். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, பெருமூச்சுதான் வந்தது. எல்லோரும் ‘உன்னைப் போலப் பிள்ளை கிடைக்குமா’ என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கூசுகிறது.

இது இரண்டாம் வகை. எண்ணம் எங்கிருந்தோ வந்து நுழையவில்லை, உணர்வு உண்மையிலேயே உங்களுடையது. எனவே ‘அப்படியெல்லாம் நினைத்திருக்க மாட்டீர்கள்’ என்று சமாதானம் சொல்ல மாட்டோம். நினைத்தீர்கள். நிம்மதி வந்தது. இரண்டுமே உண்மை.

மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 217 பேரை ரிச்சர்ட் ஷுல்ஸும் அவரது குழுவினரும் பின்தொடர்ந்து, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரணம் தங்களுக்கு ஒரு விடுதலையாக இருந்தது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். நோயாளிக்கே அது விடுதலை என்றவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். பார்த்துக்கொள்ளாமல் விட்டவர்கள் அல்ல இவர்கள். இரவு பகலாகப் பார்த்துக்கொண்டவர்கள்.

அழுகை வராததற்கும் காரணம் உண்டு. மறதி நோயில் மனிதர் தவணை முறையில் போகிறார். உங்கள் பெயரை மறந்த நாளில் கொஞ்சம் இழந்தீர்கள், முகம் அடையாளம் தெரியாமல் போன நாளில் இன்னும் கொஞ்சம். நான்கு வருடமாகத் துக்கம் நடந்துகொண்டேதான் இருந்தது. கடைசி நாளில் மிச்சம் இருந்தது களைப்பு மட்டும்.

‘போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதற்குள் குறைந்தது மூன்று ஆசைகள் இருந்திருக்கும்: அவர் வலி தீர வேண்டும், ஒரு இரவாவது முழுதாகத் தூங்க வேண்டும், இது எப்போது முடியும் என்று தெரிய வேண்டும். இந்த மூன்றையும் வேறு எப்படியும் தீர்க்க வழியில்லாததால் மரணம் என்ற ஒரே சொல்லில் ஒளிந்துகொண்டன. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ‘அப்பா சாக வேண்டும்’ என்பதற்குக் கீழே ‘ஏனென்றால்’ என்று போட்டு. இன்று படித்தால் கூசாமல் படிக்க முடியும் என்றே நினைக்கிறோம்.

ஊரார் புகழும்போது மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். ‘ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, முடிஞ்சதைச் செஞ்சேன்’ என்று சொல்லுங்கள். பொய் இல்லாத பதில் அது. கூச்சம் பெரும்பாலும் நீங்கள் நினைத்ததால் வரவில்லை. புகழுக்கும் நிஜத்துக்கும் நடுவே விழும் இடைவெளியால்தான் வருகிறது.

இப்போதும் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த எண்ணம் அடிக்கடி வரத் தொடங்கினால், ஆள் மாற்றம் தேவை என்பதற்கான அறிவிப்பாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் குறைந்தது ஒரு இரவாவது வேறொருவர் விழித்திருக்க வேண்டும். ‘முடிஞ்சா வாங்க’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ‘சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுல இருந்து காலை ஆறு வரைக்கும் நீ’ என்று ஆளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். நோயாளியை அடிக்கக் கை ஓங்கிவிட்டது என்றால், அவர் பாதுகாப்பாகப் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையைவிட்டு வெளியே போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்புங்கள். அன்றைக்கே ஒருவரிடம் உதவி கேளுங்கள்.

கேள்வி: என் நெருங்கிய தோழிக்கு வேலை போய்விட்டது. ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நான் இவ்வளவு கெட்டவளா?

ஜப்பானில் ஹிடெஹிகோ டகஹாஷி குழுவினர் 2009-ல் 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்து இதையே ஆராய்ந்தார்கள். தம்மைப் போன்ற ஒருவர் தம்மைவிட மேலே இருப்பதாகப் படித்தபோது, உடல் வலியிலும் மனப் போராட்டத்திலும் செயல்படும் பகுதி கிளர்ந்தது. அவரே சறுக்கி விழுவதாகப் படித்தபோது, பரிசு கிடைத்தால் கிளரும் பகுதி கிளர்ந்தது. முதலில் பொறாமை அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னால் வந்த இன்பமும் அதிகம். அந்தச் சந்தோஷம், உங்களுக்கு அதற்கு முன்னால் வலித்துக்கொண்டிருந்தது என்பதற்கான ரசீது.

எனவே சந்தோஷத்தை விட்டுவிட்டு வலியைத் தேடுங்கள். ‘அவள் மேல் பொறாமை’ என்று நிறுத்தினால் எதுவும் கிடைக்காது. அவளிடம் என்ன? சம்பளமா, வீட்டில் அவள் பேச்சுக்கு இருக்கும் மரியாதையா, நினைத்தபோது வெளியே கிளம்பும் சுதந்திரமா? ஒரே ஒரு சொல்லில் எழுதுங்கள். அதில் உங்களுக்கு எட்டக்கூடியது இருந்தால் இந்த மாதமே ஒரு அடி வையுங்கள். எட்டாதது என்றால் அது இழப்பு. இழப்புக்கு வருத்தப்பட்டுக்கொள்ள உங்களுக்கு அனுமதி உண்டு. பொறாமையை ஆராய்ந்தவர்கள் இரண்டு வகை சொல்கிறார்கள். ஒன்று, நானும் ஏற வேண்டும் என்பது. மற்றொன்று, அவள் இறங்க வேண்டும் என்பது. ‘அவளுக்கு அது நியாயமாகக் கிடைக்கவில்லை’ என்று மனம் வாதாடத் தொடங்கினால், இரண்டாவது பக்கம் சாய்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

தோழியிடம் இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். வேலை போனவள் தலையில் உங்கள் பாரத்தையும் ஏற்றுவதாகும். அதற்குப் பதிலாக உருப்படியாக ஒரு உதவி: ஒரு அறிமுகம், ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தருவது. உணர்வு ஒரு பக்கம் இருக்கட்டும், கை வேறு பக்கம் போகலாம்.

கேள்வி: வழிபாட்டின் நடுவே தெய்வத்தைப் பற்றி வாயில் சொல்லக்கூடாத வார்த்தைகளும் ஆபாசக் காட்சிகளும் வருகின்றன. வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறேன். பத்து நிமிட வழிபாடு இப்போது இரண்டு மணி நேரம். பெரியவர்களிடம் கேட்டால் ‘மனதை அடக்கு’ என்கிறார்கள். அடக்க அடக்க அதிகமாகிறது.

அடக்க அடக்க அதிகமாவது உங்கள் பலவீனம் அல்ல, மனம் வேலை செய்யும் விதமே அப்படித்தான். டேனியல் வெக்னர் 1987-ல் சிலரிடம், ஐந்து நிமிடம் ஒரு வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் அடக்கியவர்கள், பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். காரணம் எளிது. ‘அது வந்துவிட்டதா?’ என்று காவல் காக்க வேண்டுமானால், காவல்காரனுக்கு அதன் முகம் நினைவில் இருந்தே ஆக வேண்டும்.

கூப்பிடாத எண்ணம் யாருக்கு வருகிறது என்று 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் கேட்டு 2014-ல் வெளியிட்டபோது, கடந்த மூன்று மாதங்களில் ஒன்றாவது வந்தது என்றவர்கள் 94 சதவீதம். உங்களுக்கு வந்ததும் மற்றவர்களுக்கு வருவதும் ஒரே சரக்குதான். மற்றவர்கள் ‘சீ’ என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அதை எடை போட்டுப் பரிகாரம் செய்கிறீர்கள். நினைத்ததே செய்ததற்குச் சமம் என்ற நம்பிக்கை அடியில் இருந்தால் இப்படித்தான் ஆகும். எது உங்களுக்கு அதிகப் புனிதமோ அதையேதான் இந்த எண்ணம் தேடிப்பிடித்துத் தாக்கும். குழந்தையை உயிராக நினைப்பவருக்குக் கத்தி, பக்தி உள்ளவருக்கு நிந்தனை. பாவ பயத்தில் ஓயாமல் உறுத்திக்கொள்வதைக் குறிக்க ஐரோப்பியர் கையாளும் சொல், லத்தீனில் ‘ஸ்க்ருபுலஸ்’, அதாவது கூரான சிறு கல் என்பதிலிருந்து பிறந்தது. செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல, ஒவ்வொரு அடிக்கும் குத்தும்.

இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்று சொல்வது, அதன் அளவுக்கு வந்துவிட்டது என்றே தோன்றுகிறது. மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். சிகிச்சையின் சாரம் இதுதான்: வழிபாட்டை ஒரே முறை, கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம். எண்ணம் நடுவே வந்தால் திரும்பத் தொடங்காமல், நிறுத்தாமல், மன்னிப்புச் சொல்லாமல், அந்த எண்ணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே முடித்து எழுங்கள். எழுந்ததும் நெஞ்சு படபடக்கும், ‘குறையாக விட்டுவிட்டோம்’ என்று அரிக்கும். சரிக்கட்ட எதுவும் செய்யாமல் அந்த அரிப்போடு அன்றாட வேலைக்குப் போங்கள். முதல் வாரம் மிகக் கடினம், எண்ணம் கூடவும் செய்யலாம். அந்தக் கட்டத்தில்தான் பலர் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் திரும்பத் தொடங்குவதை இருபது முறையிலிருந்து பத்து, பத்திலிருந்து ஐந்து என்று இறக்கலாம், ஆனால் எண்ணிக்கையை எழுதி வையுங்கள்.

உங்கள் சமயப் பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு முறை போய், ‘விரும்பாமல் வரும் எண்ணம் குற்றமா?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் வேறொருவரிடமும் கேட்பது நோயின் வேலை.

மாத்திரை தேவைப்பட்டால், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே வகைதான், பெரும்பாலும் கூடுதல் அளவில். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் திரும்ப வாழ வாய்ப்புக் கிடைத்தால் குழந்தை பெற்றுக்கொள்ள மாட்டேன். இதைச் சொன்னால் என்னை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள்.

இஸ்ரேலைச் சேர்ந்த சமூகவியலாளர் ஓர்னா டோனாத், இதையே சொன்ன 23 பெண்களைப் பேட்டி கண்டு 2015-ல் ஆய்வு வெளியிட்டார். அவர்களில் பலர் நீங்கள் பிரித்ததைப் போலவேதான் பிரித்தார்கள்: பிள்ளைகள் மேல் அன்பு, தாய் என்ற பாத்திரத்தின் மேல் வருத்தம். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், வளர்ந்த பிறகும். அவர்களால் அந்த இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாது. சமவயதுத் தோழியிடமோ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். வருத்தம் எல்லா நேரமும், எல்லாவற்றின் மேலும், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு.

கேள்வி: பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் நான் செய்த ஒரு தவறு. பழி என் கூட வேலை பார்த்தவர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போனார். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டுமா?

இது மூன்றாம் வகை. ‘எல்லோருக்கும் இப்படித்தான்’ என்ற ஆறுதல் இங்கே வேலைக்கு ஆகாது. ஒருவருக்கு நட்டம் ஆகியிருக்கிறது.

உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-லேயே ஒரு வேறுபாடு சொன்னார்: குற்ற உணர்வு செய்த காரியத்தைப் பார்க்கிறது, வெட்கம் செய்த ஆளைப் பார்க்கிறது. ‘நான் செய்தது தப்பு’ என்பவர் சரிசெய்யக் கிளம்புகிறார். ‘நானே தப்பு’ என்பவர் ஒளிகிறார். பன்னிரண்டு வருடம் நீங்கள் ஒளிந்தது இரண்டாவதால்தான் என்று தோன்றுகிறது.

மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவரிடம் சராசரியாக 13 வகை ரகசியங்கள் இருந்தன. அவற்றில் 5 யாருக்குமே சொல்லாதவை. ரகசியம் ஆளை அரிப்பது, அடுத்தவர் முன் மறைக்கும் அந்த நேரத்தில் அவ்வளவாக இல்லை. தனியே இருக்கும்போது மனம் திரும்பத் திரும்ப அதனிடம் போவதில்தான். அதனால் முதல் வேலை, சம்பந்தப்பட்டவரிடம் ஓடுவதல்ல. வேறொருவரிடம் சொல்வது. அந்த ஆள் உங்கள் அலுவலக வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்காதவராகவும், அதே சமயம் ‘விடுப்பா, பழசு’ என்று மூடாமல் ‘சரி, இப்ப என்ன செய்யப்போற?’ என்று கேட்கத் தெரிந்தவராகவும் இருந்தால் நல்லது. இதைக் கேட்டால் கொதித்துப்போகக்கூடிய ஒருவரோடு ஒட்டி உறவாடுபவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பிறகு, பழியைச் சுமந்தவரிடம். சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அவர்மேல் விழுந்த பழி இன்னும் ஒட்டியிருக்கிறது என்றால், அதைத் துடைக்க நீங்கள் மட்டும்தான் சாட்சி. சொல்லியே ஆக வேண்டும் என்பது எங்கள் முடிவு. சட்டச் சிக்கல் வரலாம் என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். எழுதி அனுப்புவது நேரில் நிற்பதைவிட நல்லது, படித்துவிட்டுக் கோபப்பட அவருக்கு இடம் கிடைக்கும். அரைப் பக்கம் போதும். நீங்கள் செய்தது என்ன, அதனால் அவருக்கு நேர்ந்தது என்ன, அதை எங்கே, யாரிடம் திருத்திச் சொல்ல நீங்கள் தயார். ‘ஆனால்’, ‘அந்தச் சூழ்நிலையில்’ என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். ‘மன்னித்தால்தான் நிம்மதி’ என்று எழுதாதீர்கள்; அவர் மேல் இன்னொரு சுமை அது. பதில் வராமலும் போகலாம்.

கேள்வி: சொல்ல எனக்கு ஆளே இல்லை. எழுதினால் போதுமா? யாராவது படித்துவிட்டால்?

எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், மனதைக் காயப்படுத்திய நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவும், ஆளுக்கு ஆள் மாறியும் இருந்தது. ஆனாலும் செலவில்லாத வழி இது.

எழுதி முடித்த உடனே மனம் கனக்கும். அது வழக்கம்தான், ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கும். அதனால் தூங்கப் போகும் முன் எழுத வேண்டாம், எழுதிவிட்டு வேலை ஒன்று காத்திருக்கும் நேரத்தில் எழுதுங்கள். அலாரம் வைத்து 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். எழுத்துப் பிழை, அடித்தல் திருத்தல் பார்க்க வேண்டாம். நான்கு நாளும் ஒரே வரியையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் அது அசைபோடுவது. ‘ஏன்’, ‘அதனால்’, ‘இப்போது பார்த்தால்’ என்ற சொற்கள் மெல்ல வரத் தொடங்கினால் நகர்கிறது என்று பொருள். ஆறாத அதிர்ச்சியாக இருந்து, எழுதும்போது கை நடுங்கி மூச்சு அடைத்தால் நிறுத்திவிடுங்கள், அதை ஆலோசகர் முன்னால் திறப்பதுதான் சரி. கத்தி, நிந்தனை வகை எண்ணங்களுக்கும் இந்த முறை வேண்டாம், எழுதுவதே இன்னொரு பரிகாரமாகிவிடும்.

யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயத்தோடு எழுதினால் உண்மை வராது. நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதி, அன்றன்றைக்கே கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். எழுதியதை யாரும் படிக்க வேண்டியதில்லை, நீங்கள் உட்பட.